கணக்குச் சொல்லும் மொழி: மளிகை வணிகர்களுக்குப் பைத்தான் அறிமுகம்



மளிகை மண்டிக்காரர் கம்ப்யூட்டர் மொழியைப் பற்றி எழுதுவதா என்று உறுப்பினர்கள் சிலர் நினைக்கக்கூடும். அது படித்த பிள்ளைகளின் வேலை, நமக்குத் தராசும் பேரேடும் போதும் என்று நாமும் வெகுகாலம் இருந்தவர்கள்தாம். பள்ளிப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவர்கள் நாம். ஒரு கணக்குப் பிழைதான் நம்மை இந்தப் பக்கம் திருப்பியது. அதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு பற்றுக் கணக்கு

நம் வீடு மாகறலில், மண்டி காஞ்சிபுரத்தில். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடம் சரக்கு எடுத்து வந்தார். வாரம் ஒரு முறை வருவார். பாதி ரொக்கம், பாதி பற்று. ஒரு மார்ச் 31-ஆம் தேதி கணக்கு முடித்தபோது, மண்டிக் கம்ப்யூட்டர் அவர் பெயரில் 38,640 ரூபாய் பாக்கி காட்டியது. அவருடைய சிறு நோட்டில் 33,780 என்று இருந்தது. வித்தியாசம் 4,860 ரூபாய்.

"கம்ப்யூட்டர் சொல்லுதே, அது தப்பா சொல்லுமா?" என்று கேட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு தவணையில் முழுப் பணத்தையும் கட்டினார். அதற்குப் பிறகு மண்டிக்கு வரவில்லை.

ஆறு மாதம் கழித்து, பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் நம் பேத்தி, பள்ளியில் சொல்லித் தந்த பைத்தான் என்ற மொழியில் பயிற்சி செய்வதற்காக நம் மண்டியின் நாள்வழிக் கணக்கைக் கேட்டாள். கொடுத்தோம். இருபது வரிக்குள் ஒரு புரோகிராம் எழுதி, ஒவ்வொருவர் கணக்கையும் முதலிலிருந்து கூட்டிக் கழித்துப் பார்த்தாள். "தாத்தா, இவர் கணக்குல மூணு தடவை திரும்பி வந்த சரக்கு கழியவே இல்ல" என்றாள்.

பேரேட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். அவள் சொன்னது சரி. பழுது என்று திருப்பி அனுப்பிய மூட்டைகளுக்கு 1,450, 1,960, 1,450 என மூன்று வரவுகள். மூன்றும் பில் போட்ட மாதத்தில் வராமல் அடுத்த மாதத்தில் பதிவானவை. நாம் விலைக்கு வாங்கியிருந்த கணக்குப் புரோகிராம், மாதம் கடந்து வரும் வரவைப் பழைய பாக்கியில் கழிக்கவில்லை. அதை எழுதிக் கொடுத்தவர் அதற்குள் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். மற்றவர்கள் கணக்கையும் பார்த்ததில், சிறிய தொகைகளாக இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன.

பணத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனோம். வாங்கிக்கொண்டார். "பணம் வந்தது சந்தோஷம் ஐயா. அன்னிக்கு என் நோட்டை ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கலாம்" என்றார். இப்போது மறுபடியும் வருகிறார். ஆனால் பாதிச் சரக்கு வேறு இடத்தில் எடுக்கிறார். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

கணக்குப் புரோகிராமும் ஒரு மனிதர் எழுதியதுதான். அவர் மறந்ததை அது செய்யாது. அவர் தவறாகச் சொன்னதைத் தவறாமல் செய்யும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஓரளவாவது தெரிந்திருந்தால் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்க மாட்டோம். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

நிரல் என்றால் என்ன?

புரோகிராம் என்பதைத் தமிழில் நிரல் என்கிறார்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் ஊர் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியும், அதில் கோத்த துளையிட்ட அட்டைகளும் பார்த்திருப்பீர்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் எழாது. அட்டைகள் வரிசையாகச் சுற்றி வர, கரையில் மாங்காயோ மயிலோ விழுகிறது. அட்டை வரிசை ஒன்று தயாராகிவிட்டால் அதே பூவை எத்தனை சேலையிலும் போடலாம். ஓர் அட்டையில் துளை தவறினால், எல்லாச் சேலையிலும் அதே இடத்தில் பூ தவறும்.

பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு உருவாக்கிய முறை இது. பின்னர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இதே துளை அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டரின் முன்னோரில் ஒருவர் பட்டுத்தறி என்று சொன்னால் மிகையில்லை. நிரல் என்பதும் அந்த அட்டை வரிசை போன்றதே. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய், இப்படி இருந்தால் அப்படிச் செய் என்ற கட்டளைகளின் வரிசை.

பைத்தான் பிறந்த கதை

தொடக்க காலத்தில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது நிபுணர்களுக்கு மட்டுமே முடிந்த காரியம். மற்ற மாணவர்களும் எழுத வேண்டும் என்று அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964-இல் பேசிக் என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள். நம்மில் சிலரின் பிள்ளைகள் முதலில் கற்றது அந்த பேசிக்தான்.

அதே நோக்கத்தோடு பின்னால் வந்தது பைத்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளியானது. மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்தது. விலை கிடையாது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். கணக்கு, ஆராய்ச்சி, இணையதளம், செயற்கை நுண்ணறிவு என்று எல்லாத் துறையிலும் ஓடுகிறது. ஒரே வேலைக்கென்று செய்யப்படாத இப்படிப்பட்ட மொழியைப் பொதுப்பயன் மொழி என்பார்கள். நம் கடையில் ஒரே கத்தி கயிறும் அறுக்கும், சாக்கும் கிழிக்கும், அட்டைப் பெட்டியும் திறக்கும் அல்லவா, அதைப் போல.

தமிழ்நாட்டு அரசின் புதிய பாடத்திட்டத்தில் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. தமிழ் வழிப் புத்தகமும் உண்டு. ஆகவே ஆசிரியரைத் தேடி நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பல வீடுகளில் அவர் மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம்

பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். அது தடையாகத் தோன்றுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை என்ற தமிழர் 2007-ஆம் ஆண்டு தொடங்கி எழில் என்ற மொழியை உருவாக்கினார். 2009-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். இதில் கட்டளைகள் அனைத்தும் தமிழ். எழிலே பைத்தானைக் கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. பெரிய வியாபாரத்தை நடத்துவதற்கு அல்ல, நிரலின் போக்கைத் தாய்மொழியில் புரிந்துகொள்வதற்கு ஏற்றது. அதனால் உதாரணங்களை எழிலிலேயே தருகிறோம்.

முதல் உதாரணம். மூட்டை 1,450 ரூபாய் வீதம் 12 மூட்டை அரிசி:

விலை = 1450
மூட்டை = 12
பதிப்பி விலை * மூட்டை

கம்ப்யூட்டர் 17400 என்று காட்டும். விலை, மூட்டை என்பவை நாம் வைத்த பெயர்கள். டப்பாவின் மேல் சீட்டு ஒட்டி உள்ளே சரக்குப் போடுவது போல, ஒரு பெயரின் கீழ் ஒரு தொகையைப் போட்டு வைக்கிறோம். நாளை விலை ஏறினால் முதல் வரியை மட்டும் மாற்றினால் போதும். நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு. பதிப்பி என்றால் திரையில் காட்டு என்று பொருள்.

இரண்டாவது உதாரணம். முப்பது நாள் கெடு தாண்டியதா என்று பார்ப்பது:

நாள் = 42
@( நாள் > 30 ) ஆனால்
    பதிப்பி "கெடு தாண்டியது"
இல்லை
    பதிப்பி "கெடுவுக்குள் உள்ளது"
முடி

நாள் முப்பதுக்கு மேல் ஆனால் ஒன்றைச் சொல், இல்லையென்றால் மற்றதைச் சொல். கணக்குப்பிள்ளையிடம் நாம் தினம் சொல்லும் பேச்சுத்தான் இது.

மூன்றாவது உதாரணம். ஒன்று முதல் பத்து மூட்டை வரை விலைப்பட்டியல்:

விலை = 1450
@( மூட்டை = 1, மூட்டை <= 10, மூட்டை = மூட்டை + 1 ) ஆக
    பதிப்பி மூட்டை, மூட்டை * விலை
முடி

ஒன்றில் தொடங்கு, பத்து வரை போ, ஒவ்வொன்றாகக் கூட்டு. இந்த மூன்றும் விளங்கிவிட்டால் நிரலின் அடிப்படை விளங்கியது என்று கொள்ளலாம். பெயர் வைத்துத் தொகையைப் போடுவது, நிபந்தனை பார்ப்பது, திரும்பத் திரும்பச் செய்வது. நம் பேத்தி எழுதிய இருபது வரியிலும் இந்த மூன்றுதான் இருந்தன.

இங்கிருந்து பைத்தானுக்குப் போவது பக்கத்துத் தெருவுக்குப் போவது போலத்தான். பதிப்பி என்பது அங்கே பிரிண்ட்; ஆனால், இல்லை என்பவை இஃப், எல்ஸ். மொழிக்கென்று ஒதுக்கிய ஆதாரச் சொற்கள் மொத்தமே 35. முடி என்ற சொல் அங்கே கிடையாது. எந்த வரி எதன் கீழ் வருகிறது என்பதை உள்தள்ளி எழுதுவதன் மூலம் காட்ட வேண்டும். பேரேட்டில் ஆள் பெயரை ஓரத்தில் எழுதி, அவர் பற்றுகளைச் சற்றுத் தள்ளி எழுதுகிறோமே, அதே வழக்கம். பைத்தானின் மூன்றாம் பதிப்பில் விலை, மூட்டை போன்ற பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பழைய இரண்டாம் பதிப்பின் ஆதரவு 2020 ஜனவரி முதல் தேதியோடு நின்றுவிட்டது; யாராவது பழைய புத்தகம் கொடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கில் எச்சரிக்கை

இனிச் சொல்வது வணிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பைத்தானிடம் 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் 0.3 என்று வராது, 0.30000000000000004 என்று வரும். இது பழுது அல்ல. கம்ப்யூட்டர் எண்களை இரண்டை அடிப்படையாகக் கொண்ட முறையில் வைக்கிறது. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா, அதுபோல் பத்தில் ஒரு பங்கு அதற்கு முடிவில்லாமல் போகிறது. ஓரிடத்தில் வெட்டி வைத்துக்கொள்கிறது. ஒரு பில்லில் இது தெரியாது. ஆனால் இரண்டு தொகைகள் சமமா என்று நிரலைக் கேட்டால், சமமான தொகைகளையே சமமில்லை என்று சொல்லிவிடும்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, எல்லாத் தொகையையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைப்பது. 48 ரூபாய் 50 பைசாவை 4850 என்று எழுதுவது. மற்றொன்று, பைத்தானோடு கூடவே வரும் டெசிமல் என்ற கருவியைப் பயன்படுத்துவது.

ரூபாய்க்கு முழுமையாக்குவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பைத்தானின் ரவுண்ட் கட்டளைக்கு 2.5 கொடுத்தால் 3 என்று சொல்லாது, 2 என்று சொல்லும். 3.5 கொடுத்தால் 4 என்று சொல்லும். சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 170-ஆவது பிரிவின்படி, வரித் தொகையில் 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய்க்கு உயர்த்த வேண்டும். குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். மொழியின் வழக்கமும் சட்டத்தின் வழக்கமும் வேறு வேறு. நிரல் எழுதும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்காது. வணிகர் நாம்தான் சொல்ல வேண்டும்.

வரி மாறும்போது

வரி விதிகள் நிரலுக்கு நல்ல பயிற்சி. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் வரி வந்தது. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அந்த வரி இல்லை. இதனால் சந்தையில் 26 கிலோ அரிசி மூட்டை வந்ததை எல்லோரும் அறிவோம். அதை நிரலில் எழுதினால்:

எடை = 26
@( எடை > 25 ) ஆனால்
    வரி = 0
இல்லை
    வரி = 5
முடி
பதிப்பி வரி

இது பொட்டலச் சரக்குக்கு மட்டும் பொருந்தும். உதிரியாக நிறுத்துக் கொடுப்பதை இதில் சேர்க்கக்கூடாது. அதற்கு இன்னொரு நிபந்தனை எழுத வேண்டும். விதியில் எத்தனை கிளை உண்டோ நிரலிலும் அத்தனை கிளை வேண்டும். ஒரு கிளையை மறந்தால், நம் மண்டியில் திரும்பிய மூட்டைக்கு நடந்ததுதான் நடக்கும்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரி விகிதங்கள் மாறின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5 சதவீதத்துக்கும், தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை, குளியல் சோப்பு, பிஸ்கட் முதலியவை 18-லிருந்து 5 சதவீதத்துக்கும் இறங்கின. இப்படிப்பட்ட நாளில் பில் போடும் மென்பொருளில் எல்லாச் சரக்குக்கும் விகிதம் மாறிவிட்டதா என்று யார் பார்ப்பது? நூற்றுக்கணக்கான சரக்கை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பது கடினம். பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து, பழைய விகிதத்திலேயே நிற்கும் சரக்குகளை மட்டும் எடுத்துக் காட்டு என்று பைத்தானிடம் சொன்னால் நொடியில் எடுத்துத் தரும்.

கடைக்கு என்ன பயன்?

பில் போடும் மென்பொருளைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது அதன் வேலையைச் செய்யட்டும். அதன் கணக்கை இன்னொரு வழியில் சரிபார்ப்பதற்கே பைத்தான். மாத முடிவில் ஒவ்வொருவர் பற்று வரவைத் தனியாகக் கூட்டிப் பார்க்கலாம். காலாவதித் தேதி நெருங்கும் பொட்டலங்களைப் பட்டியலிடலாம். கொள்முதல் விலை ஏறியும் விற்பனை விலை மாறாத சரக்கைக் கண்டுபிடிக்கலாம். யு.பி.ஐ. மூலம் வங்கியில் வந்த தொகையையும் கடைப் பதிவையும் ஒப்பிடலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

1. அசல் கணக்கில் கை வைக்க வேண்டாம். நகல் எடுத்து, நகலில்தான் நிரலை ஓட்ட வேண்டும்.

2. முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். கையால் கூட்டிய பத்து வரிக் கணக்கும் நிரலின் விடையும் ஒத்தால்தான் பெரிய கணக்கைக் கொடுக்கலாம். புதுத் தராசு வந்தால் படிக்கல் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா?

3. மென்பொருள் வாங்கும்போதே, கணக்கு முழுவதையும் வெளியே கோப்பாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வாங்கத் தயங்குங்கள். கணக்கு நம்முடையது, சாவி அடுத்தவரிடம் இருக்கக்கூடாது.

4. வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் வைப்பவர்கள் யூனிகோடு எழுத்தில் வையுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் பைத்தானுக்குள் போனால் புரியாத குறிகளாக வரும்.

5. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் நிரலையே எழுதித் தந்துவிடுகின்றன. வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் படித்துப் பார்க்காமல் அதை நம்புவது, தொகையைப் பார்க்காமல் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், பாக்கி விவரங்களை அவற்றில் ஏற்றவும் வேண்டாம்.

நாம் இன்று வரை பத்து வரிக்கு மேல் சொந்தமாக எழுதியதில்லை. ஆனால் பேத்தி எழுதியதை வரி வரியாகப் படித்து, இது என்ன, இது ஏன் என்று கேட்கத் தெரிந்துகொண்டோம். அறுபது வயதுக்கு மேல் இவ்வளவு முடிகிறது என்றால் இளம் வணிகர்களுக்கு இது பெரிய காரியமே அல்ல. தினம் கடை சாத்திய பிறகு அரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருங்கள். அவர்களுக்கு நம் கணக்குப் புரியும், நமக்கு அவர்கள் படிப்புப் புரியும்.

அதோடு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் ஒரு தொகையும் வாடிக்கையாளரின் நோட்டு வேறொரு தொகையும் சொன்னால், நோட்டை வாங்கிப் பாருங்கள். நாம் பார்க்கத் தவறினோம். ஒரு நல்ல வாடிக்கையில் பாதியை இழந்தோம். உறுப்பினர்கள் யாருக்கும் அந்த நிலை வரவேண்டாம்.

நேர்மையான கணக்கே வணிகத்தின் முதல். வாழ்க வணிகர் ஒற்றுமை.